புதுப்பிப்பு: ராக்கி மலை ஜூனிப்பர், மூன்றாம் வசந்தம்

கொலராடோவில் வனத்துறை அனுமதிச்சீட்டோடு பாறை இடுக்கிலிருந்து போன்சாய்க்காக எடுத்த ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தை, சல்லடையில் சலித்த ப்யூமிஸ் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) நிரப்பிய மரப்பெட்டியில் நட்டதோடு முந்தைய பதிவு நின்றது. இரண்டு வருடம் வெட்டவில்லை, கிளைகளை வளைத்து வடிவமைக்கக் கம்பி கட்டவில்லை. இப்போது நுனிகள் நீண்டு வளர்கின்றன, வேர் பிடித்துவிட்டது.

இந்த வசந்தத்தில் முதல் மண் மாற்றம். மலை மண்ணை ஒரு பாதியில் மட்டும் குச்சியால் கிளறி எடுத்து ப்யூமிஸ் போட்டாயிற்று. மறுபாதிக்கு இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். வேர் மண்ணை ஒரேயடியாக முழுக்க அலசினால் மரம் செத்தாலும் உடனே தெரியாது. சில மாதம் பச்சையாகவே நின்று ஏமாற்றும், அதுதான் ஜூனிப்பரின் குணம். அடிமரத்தைப் பெட்டியோடு கம்பியால் இறுக்குவதும் முக்கியம். காற்றில் ஆடினால் புது வேர்நுனி அறுந்துபோகும்.

நுனி கிள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கிள்ளிய இடம் பழுப்பாகும், மரமும் சோரும். நீண்ட தளிரை மட்டும் கத்தரியால் உள்ளே வெட்டுங்கள்.

இலை மங்கினால் அடியில் வெள்ளைத்தாள் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையைக் கழுவுங்கள்.

காய்ந்த மரப்பகுதி உளுக்காமல் வெளுத்து நிற்கச் சுண்ணாம்பு கந்தகக் கரைசல் பூசும்போது மண்ணைப் பாலித்தீனால் மூடுங்கள், வேரில் படக்கூடாது. வாடை? அழுகிய முட்டைதான்.

கம்பி வேலை அடுத்த வருடம்.