இது தேவனுடைய சத்தமா, என் ஆசையா?

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

வேறு ஊரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஏற்றால் வயதான தாயாரைத் தம்பியின் பொறுப்பில் விட்டுச் செல்ல வேண்டும். ஜெபிக்கும்போதெல்லாம் "போ" என்றே உள்ளத்தில் தோன்றுகிறது. ஆனால் அது ஆவியானவரின் ஏவுதலா, கூடுதல் சம்பளத்தின்மேல் எனக்குள்ள ஆசையா என்று பிரித்தறிய முடியவில்லை.

கர்த்தருடைய ஆலயத்திலேயே படுத்திருந்த சிறுவன் சாமுவேல்கூட, கர்த்தர் கூப்பிட்டபோது அது ஆசாரியனாகிய ஏலியின் குரல் என்று எண்ணி மூன்று முறை அவரிடத்தில் ஓடினான் என்றும், ஏலி சொல்லிக்கொடுத்த பிறகே சரியாகப் பதிலளித்தான் என்றும் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எனக்கும் அப்படி ஓர் ஏலி தேவைப்படுகிறார்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த ஆண்டுக்கான வேத வசனம் எழுதிய அட்டை), தேசத்தை விட்டுப் புறப்படும்படி தேவன் ஆபிராமை அழைத்ததைக் கூறும் ஆதியாகமம் 12-ஆம் அதிகார வசனம் வந்ததே அத்தாட்சி என்கிறார்கள் உறவினர்கள். அதே வசனத்தை எடுத்த மற்றவர்கள் யாரும் ஊரைவிட்டுப் புறப்பட்டதாகத் தெரியவில்லை! மாறாக, காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொண்டதே என்னை அதிகமாக யோசிக்க வைக்கிறது.

அப்போஸ்தலனாகிய பவுல் பித்தினியா நாட்டுக்குப் போக முயன்றபோது ஆவியானவர் தடுத்தார் என்று அப்போஸ்தலர் 16:7 சொல்கிறது. எவ்விதமாகத் தடுத்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. அவ்வாறு தடுக்கப்பட்ட அனுபவமுள்ளவர்கள், அதை எதைக்கொண்டு அறிந்தீர்கள், யாரிடம் ஆலோசித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். மாத இறுதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.