'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' இசைத்தட்டில் ரிவெர்ப் எங்கே இருக்கிறது?

பழையதட்டு:
கலிஃபோர்னியாவின் சர்ஃப் (அலைச்சறுக்கு) இசைக் கிதார்க்காரர் டிக் டேலும் அவருடைய டெல்-டோன்ஸ் குழுவும் 1962 இல் வெளியிட்ட 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' இசைத்தட்டைப் பற்றி அலைக்காதன் நேற்று இங்கே எழுதியதைப் படித்தேன். 'ஈரம் சொட்டும் ஸ்பிரிங் ரிவெர்ப் ஒலி பிறந்த தொட்டில்' என்று அந்தத் தட்டுக்கு அவர் பட்டம் சூட்டியிருக்கிறார். ஸ்பிரிங் ரிவெர்ப் என்றால் சுருள்கம்பி வழியாக ஒலிக்கு ஒட்டும் செயற்கை எதிரொலி. தொட்டில் இருக்கிறது, பிள்ளையைத்தான் காணோம். அந்தத் தட்டில் டேலின் கிதாருக்கு ஸ்பிரிங் ரிவெர்ப் கிடையாது. இதைப் பிற்காலத்தில் டேலே சொல்லியிருக்கிறார். இருக்கிறது என்பவர் எந்தப் பாட்டில், எந்த விநாடியில் என்று காட்டட்டும்.

அலைக்காதன்:
பாராட்டி நாலு வரி எழுத உங்களுக்கு மனம் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிதாரும் ஆம்ப்ளிஃபையரும் செய்யும் ஃபெண்டர் நிறுவனத்தின் தனி ரிவெர்ப் பெட்டி 1961 இல் வந்தது. லியோ ஃபெண்டர் தம் புதிய கருவிகளை டேலின் கையில் கொடுத்து, அவை தாங்குகின்றனவா உடைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டி 1961, தட்டு 1962. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பழையதட்டு:
வீட்டில் அம்மி இருந்தது, ஆகவே அன்றைக்குச் சட்னிதான் அரைத்தார்கள் என்கிறீர்கள். டேல் ரிவெர்ப்பைத் தேடியது முதலில் தம் குரலுக்காக. நீட்டிப் பாடும்போது தம் குரலில் இயல்பான அசைவு இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. கிதாரை அந்தப் பெட்டிக்குள் செருகியது பிறகுதான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைத் தெரிந்துகொள்ளாமலே இங்கே பலர் ஈரம், சொட்டு என்று எழுதுகிறார்கள். கிதாரிலிருந்து வரும் மின்சைகை, இழுத்து மாட்டிய சுருள்கம்பிகளின் ஒரு முனையை ஆட்டும். அந்த அதிர்வு கம்பியில் முன்னும் பின்னும் ஓடி, மறுமுனையில் மீண்டும் மின்சைகையாகி, மூல ஒலிக்குப் பின்னால் ஒரு வாலாக ஒட்டிக்கொள்ளும். பெட்டியைக் காலால் இடித்தால் இடி உருளுவது போல் முழங்கும். இப்போது 'லெட்ஸ் கோ டிரிப்பின்' பாட்டை ஓடவிட்டு, டேல் உள்ளங்கையால் தந்தியை அடக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள். ஒலி கத்தியால் நறுக்கியது போல் நிற்கிறது. வால் எங்கே? எந்த விநாடியில்?

மழைக்குருவி:
அந்தத் தட்டிலுள்ள சில பாட்டுகள் நியூபோர்ட் பீச்சின் பல்போவா பகுதியில் இருந்த ரெண்டெவூ பால்ரூமில், ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் நேரடியாகப் பதிவு செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கானோர் கால்களால் தரையை மிதித்து ஸ்டாம்ப் ஆடிய பெரிய கூடம் அது. அத்தகைய கூடத்தில் எதிரொலி இல்லாமல் எப்படி இருக்கும்? எதிரொலியும் ரிவெர்ப்தானே?

பழையதட்டு:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே வாதாடத் தெரியாதவர் கூடத்தையே ரிவெர்ப் என்கிறார். அலைக்காதன் எழுதியது 'ஸ்பிரிங்' ரிவெர்ப். அந்தக் கூடம் 1966 இல் தீப்பிடித்து எரிந்தபோது சாம்பலில் யாராவது ஸ்பிரிங் கண்டெடுத்தார்களா?

இடக்கையன்:
நீங்கள் இருவரும் வாலைப் பிடித்துக்கொண்டு மாட்டை விட்டுவிட்டீர்கள். அந்தத் தட்டை அந்தத் தட்டாக்கியது டேலின் அடி. தடித்த தந்திகள், அவற்றின் மேல் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு வில்லையை) மேலும் கீழும் ஓயாமல் ஓட்டும் வேகம், அந்தச் சத்தத்தைத் தாங்குவதற்கென்றே ஃபெண்டர் உருவாக்கிய ஷோமேன் ஆம்ப்ளிஃபையர், அதில் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர். அந்த அடி கலிஃபோர்னியாக் கடற்கரையில் முளைத்ததும் அல்ல. டேலின் தந்தை வழி லெபனான். ஊத் என்ற அரபுத் தந்திக் கருவியை வாசித்த மாமாவிடம் அவர் கேட்டுப் பழகிய கைதான் 'மிஸிர்லூ'வில் பேசுகிறது. அந்தப் பாட்டே கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் பழைய மெட்டு. 1927 இலேயே கிரேக்க மொழியில் தட்டாகிவிட்டது. தவிர, ராக் கிதார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போல இடக்கையரான டேலும் கிதாரைத் திருப்பிப் பிடித்தவர்.

பழையதட்டு:
ஹெண்ட்ரிக்ஸைத் தொட்டது தவறு. வலக்கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்த ஹெண்ட்ரிக்ஸ், தடித்த தந்தி மேலே வரும்படி மாற்றிக் கட்டிக்கொண்டார். டேல் தந்திகளை மாற்றவே இல்லை. தடித்த தந்தி கீழே, மெல்லிய தந்தி மேலே. இடக்கையன் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு இதுகூடத் தெரியாதது வேடிக்கை. இன்னொன்றும் உண்டு: தனித்தட்டாக (சிங்கிளாக) வந்த 'மிஸிர்லூ' வேறு, இந்தத் தட்டிலுள்ள 'மிஸிர்லூ ட்விஸ்ட்' வேறு. இரண்டிலும் ஸ்பிரிங் இல்லை.

அலைக்காதன்:
லெபனான் என்றும் ஊத் என்றும் இழுத்துக்கொண்டே போனால் சர்ஃப் இசையில் சர்ஃப் எங்கே? அட்டையில் டேல் பலகை மேல் நின்று அலையில் வருகிறார், ஒட்டகத்தின் மேல் அல்ல.

இடக்கையன்:
லெபனான் என்றதும் ஒட்டகத்தைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராதவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. அட்டையில்தான் சர்ஃப் என்றால் உள்ளே இருக்கும் 'ஃபேனி மே', 'லவ்வி டவ்வி' எல்லாம் என்ன? வாய்விட்டுப் பாடிய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள். 'ஸ்லூப் ஜான் பி' பஹாமாஸ் நாட்டுப்பாடல்.

மழைக்குருவி:
'ஸ்லூப் ஜான் பி' பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பாட்டு இல்லையா?

பழையதட்டு:
பீச் பாய்ஸ் அதை வெளியிட்டது 1966 இல். டேல் 1962 இலேயே பாடிவிட்டார். 'மிஸிர்லூ'வையும் 'லெட்ஸ் கோ டிரிப்பின்'னையும் 1963 இல் தங்கள் 'சர்ஃபின் யுஎஸ்ஏ' தட்டில் அவர்கள் வாசித்ததே டேலுக்குப் போட்ட கும்பிடுதான். போன மாதம் பீச் பாய்ஸ் விவாதத்தில் நான் இதைச் சொன்னபோது இதே அலைக்காதன் என்னை 'கிழட்டுத் தட்டு' என்று எழுதினார். நான் மறக்கவில்லை. ஆனால் பேச்சு அதுவல்ல. எந்த விநாடியில்?

அலைக்காதன்:
1994 இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் தொடக்கத்தில் 'மிஸிர்லூ' வெடித்தபோது உலகமே அதைச் சர்ஃப் ஒலி என்றுதான் கேட்டது. உலகத்தின் காதில் விழுந்த ஈரம் உங்கள் காதில் மட்டும் விழவில்லை என்றால் குறை தட்டிலா, காதிலா?

பழையதட்டு:
அப்போது திரையரங்கில் ஒலித்தது தனித்தட்டுப் பதிவு. நாம் பேசும் தட்டில் இருப்பதே அல்ல. மூன்று நாட்களாக இதே இழையில் நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். ஆளுக்கொரு பதில் வந்துவிட்டது: அம்மி, கூடம், ஒட்டகம், சினிமா. விநாடி மட்டும் வரவில்லை.

இடக்கையன்:
நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தந்தி பற்றி நான் எழுதியதில் பிழை இருந்தாலும் ஊத் பற்றிய பகுதிக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அலைக்காதன்:
என் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. 'சர்ஃப் பீட்' பாட்டின் தொடக்கத்திலேயே ஈரம் கேட்கிறது.

பழையதட்டு:
தொடக்கத்தில் என்றால், எந்த விநாடியில்?