பௌர்ணமிக்குக் கூடினவங்க

குழு: மேலத்தெரு வீடு

கதிர்: [படம்] இங்கிலாந்துல பர்மிங்காம்ல, 18-ஆம் நூற்றாண்டுத் தொழிலதிபர் மேத்யூ போல்டன் வீட்டுக்குப் போயிருந்தேன். அறிவியல் பேச நண்பர்கள் சேர்ந்த லூனார் சொசைட்டிக்காரங்க கூடுன இடம்.

மல்லிகா அத்தை: லூனார்னா நிலாதானே? ஜோசியக்காரங்களா?

கதிர்: இல்லத்தை. அப்ப தெருவிளக்கு கிடையாது. பௌர்ணமியை ஒட்டிக் கூடினாத்தான் ராத்திரி வண்டியில வீடு திரும்பப் பாதை தெரியும்.

சித்தப்பா: தத்துவ சங்கம்னுதானே படிச்சேன். ஆன்மா, கடவுள்னு பேசினாங்களா?

கதிர்: அன்னிக்கு அறிவியலுக்கே இயற்கைத் தத்துவம்னுதான் பேரு சித்தப்பா. நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட், பீங்கான் செய்ற வெட்ஜ்வுட், டாக்டர் எராஸ்மஸ் டார்வின். சார்லஸ் டார்வினோட தாத்தா இவர். வேதியியல் ஆராய்ச்சி பண்ணின ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஆய்வுக்கூடக் குழாயெல்லாம் வெட்ஜ்வுட்தான் செஞ்சு கொடுத்தார். பிரீஸ்ட்லி சர்ச்சுல போதகரும்கூட, ஞாயித்துக்கிழமை வர முடியாது. அவருக்காகவே கூட்டத்தைத் திங்களுக்கு மாத்திட்டாங்க!

சித்தப்பா: தலைவர், சந்தா எல்லாம்?

கதிர்: ஒண்ணும் இல்ல. பழக்கமும் கடுதாசியும்தான். 1765-ல பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த அறிமுகக் கடிதத்தோட வில்லியம் ஸ்மால்னு ஒரு டாக்டர் போல்டனைத் தேடி வந்தார். வர்ஜீனியாவுல, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜெபர்சனுக்குப் பாடம் சொன்னவர். இவங்க எல்லாரையும் கோத்து வச்சது அவர்தான்.

சித்தப்பா: பிராங்க்ளினா! 1727-லயே பிலடெல்பியாவுல கூட்டாளிங்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை தோறும் 'ஜுன்டோ'ன்னு பேச்சுக் கூட்டம் நடத்தினவராச்சே. 1743-ல அமெரிக்கத் தத்துவ சங்கம் தொடங்கினதும் அவர்தான்.

கதிர்: ஆமா. ஸ்மால் 1775-ல இறந்துட்டார் சித்தப்பா. 40 வயசுதான். அதுக்கப்புறம்தான் மாசாமாசம் தவறாம கூடணும்னு போல்டன் ஒழுங்கு பண்ணினார். இதைப் படிச்சதுலேர்ந்து மனசு என்னமோ பண்ணுது. ஒருத்தர் போனதும் கலைஞ்சிடாம பிடிச்சு நிறுத்தியிருக்காங்க.

மல்லிகா அத்தை: கடைசி வரைக்கும் நல்லாவே நடந்துச்சா?

கதிர்: இல்லத்தை. 1791 ஜூலையில கலவரக்காரங்க பிரீஸ்ட்லி வீட்டையும் புத்தகங்களையும் கொளுத்திட்டாங்க. 1794-ல அவர் அமெரிக்காவுக்கே போயிட்டார்.

ஆச்சி: ஏ ஐயா, உங்க தாத்தா இருக்கையில நம்ம தட்டட்டியிலயும் பௌர்ணமிக்குப் பாய் விரிப்பாக. தபால்காரர், டெய்லர், கணக்கு சார், எல்லாரும் வருவாக. சுக்குக் காப்பி போட்டு மாளாது. அவுக போனப்புறம் ஒருத்தரும் மேல ஏறல.

சித்தப்பா: அம்மா, டெய்லர் அண்ணன் இப்பவும் கீழத்தெருவுலதான் இருக்கார். நாளைக்கே போய்ப் பேசுறேன். அக்கா, அடுத்த பௌர்ணமி என்னிக்கு?

மல்லிகா அத்தை: காலண்டர் பார்த்துப் போடுறேன். தட்டட்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு.

கதிர்: வீடியோ கால் போடுங்க. நானும் இருக்கேன்.