புதுப்பிப்பு: குண்டு மேலே ஏறிய சிக்கல் தீர்ந்தது

என் மின்சார புல்பப் (மேகசின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வகை) ஏர்சாஃப்ட்டில், அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியில், குண்டுகள் பாதி தூரத்தில் வானம் பார்த்துப் போகின்றன என்று புலம்பியிருந்தேன் அல்லவா? பேரலை, அதாவது குழலை, குறை சொன்னது என் அவசரம். குண்டுக்குப் பின்சுழற்சி கொடுத்துத் தூக்கிப் பிடிக்கும் ஹாப்-அப்பை அளவுக்கு மீறித் திருகியிருக்கிறேன், அவ்வளவுதான். முழுக்கத் தளர்த்திவிட்டு, 0.20 கிராமுக்குப் பதில் 0.28 கிராம் 6 மி.மீ. குண்டு போட்டு, இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றினேன். இப்போது நூல் பிடித்தாற்போல் போகிறது.

குண்டு நிரப்பும் மேகசினை மாற்றுவதுதான் இன்னும் தகராறு. கைப்பிடிக்குப் பின்னால், கிட்டத்தட்ட அக்குளுக்குள் இருக்கிறது. தடவித் தடவித்தான் செருகுகிறேன். ஆனாலும் விற்க மனமில்லை. 1991-ல் ஜப்பானின் டோக்கியோ மாருயி நிறுவனம் கொண்டுவந்த முதல் மின்சார ரைஃபிளும் புல்பப்தானே, பிரெஞ்சு ராணுவ ரைஃபிளின் நகலான ஃபமாஸ்!

அப்புறம், இந்தத் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்வது உறையில் மட்டுமே. பார்ப்பவர்களுக்கு இது அசல் துப்பாக்கிதான். அதனால் பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனையைக் கழற்றவில்லை.