மறு: தரவுத் தாரையா, ஓடுதரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> பகிர்ந்தளிக்கப்பட்ட தரவுத் தாரை வினவல் செயலாக்கம்

ஐயா, 'டிஸ்டிரிபியூட்டட் டேட்டா ஸ்ட்ரீம் குவெரி பிராசஸிங்' என்பதற்கு, அதாவது உணரிகளிலிருந்து (சென்சார்) ஓயாமல் வந்துகொண்டிருக்கும் தரவிடம் கேட்கும் கேள்விக்குப் பல கருவிகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு விடை காண்பதற்கு, நேற்று நீங்கள் முன்வைத்த இந்தத் தொடரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பொருளில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை இதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவையே ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்.

தாரை ஏற்கெனவே ஜெட்டுக்குப் புழங்குகிறது. ஓடை என்றே வைக்கலாம் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது இடத்தின் பெயர். சித்திரை வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் ஓடை ஓடைதான். நமக்கு வேண்டியது அதில் ஓடும் பொருளின் பெயர். அதனால் 'ஓடுதரவு' என்கிறேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: ஓடிய தரவு, ஓடுகின்ற தரவு, ஓடும் தரவு. உணரியிலிருந்து வருவதும் அப்படித்தானே? கொஞ்சம் வந்துவிட்டது, கொஞ்சம் வந்துகொண்டிருக்கிறது, மிச்சம் இனிமேல்தான் வரும். முக்காலத்தையும் ஒரே சொல்லில் அடக்க நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஓடுபாதையில் பாதையா ஓடுகிறது என்று கேட்கலாம். அங்கே விமானம் ஓடும் பாதை, இங்கே ஓடுகிற தரவு. வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

அடுத்தது வினவல். தரவுத்தளத்தில் தரவு நிற்கும், கேள்வி வந்து கேட்டுவிட்டுப் போகும். இங்கே அப்படியே தலைகீழ்: கேள்வி நிற்கிறது, தரவு அதைக் கடந்து போகிறது. ஒரு முறை கேட்டுவிட்டால், நிறுத்தச் சொல்லும்வரை பதில் வந்துகொண்டே இருக்கும். அப்படி நிற்கும் கேள்விக்கு 'நிலைவினா' பொருந்தும். ஓடுதரவு, நிலைவினா என்று சேர்த்துச் சொல்லும்போதே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது.

என் உண்மையான மறுப்பு 'பகிர்ந்தளிக்கப்பட்ட' மீதுதான். பகிர்ந்தளிப்பது என்றால் கையில் இருக்கும் பொருளைப் பங்கு போட்டுக் கொடுப்பது. உணரி வலையமைப்பில் பங்கு போடுவது வேலையை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மேடனும் உடனிருந்தவர்களும் உருவாக்கிய, உணரிகளிடம் வினாக் கேட்கும் மென்பொருளான டைனிடிபியையே எடுத்துக்கொள்வோம். அது ஓடிய மைக்கா வகைச் சிறு உணரிக் கருவிகளுக்கு இரண்டு பேட்டரி, 4 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். ஒரு பிட்டை வானொலியில் அனுப்பும் ஆற்றலில் சுமார் 800 கட்டளைகளை இயக்கிவிடலாம் என்று அவர்களின் 2002 கட்டுரை சொல்கிறது. ஆகவே எல்லா அளவீட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அப்புறம் கணக்குப் போடுவது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் ஒரு கணு. வினா எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வேர்க்கணுவிலிருந்து கிளை கிளையாக இறங்குகிறது. விடை மேலே ஏறும் வழியிலேயே சுருங்கிக்கொண்டு வருகிறது.

அதே 2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், வளை தோண்டிக் கூடு வைக்கும் கடற்பறவைகளைக் கவனிக்க 32 கணுக்களை வைத்தார்கள். அதுபோன்ற ஓரிடத்தில் சராசரி வெப்பநிலை கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேய்க்கணுக்கள் 24, 26 என்று சொல்கின்றன. அவற்றுக்கு மேலே உள்ள தாய்க்கணுவின் அளவு 28. சேய்களின் சராசரி 25 என்று எடுத்து அதைத் தாயின் 28-உடன் மறுபடி சராசரி பார்த்தால் 26.5 வரும், அது தப்பு. கூட்டுத்தொகை 78, எண்ணிக்கை 3 என்று இரண்டையும் சேர்த்து மேலே அனுப்பினால்தான் 26 என்ற சரியான விடை கிடைக்கும். இந்த இணைக்கு 'இடைத்திரட்டு', இப்படி வழியிலேயே சேர்த்துக்கொண்டு போவதற்கு 'வழித்திரட்டல்' என்று வைக்கலாமா? 'பகுதி முடிவு' வேண்டாம், ஏனென்றால் 78, 3 என்பது இன்னும் முடிவே ஆகவில்லை. எல்லாக் கணக்கும் வழித்திரட்டலுக்கு வளையாது என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். இடைநிலை அளவு, அதாவது மீடியன், கேட்டால் ஒவ்வொரு அளவும் மேலே வந்தாக வேண்டும்.

சரி, முழுத் தொடருக்கு வருகிறேன். வேலையைப் பகிர்ந்துகொண்டு வினவுவதால், 'ஓடுதரவுப் பகிர்வினவல்'. இரண்டே சொல். செயலாக்கம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். வினவல் தொழிற்பெயர், செயல் அதற்குள்ளேயே இருக்கிறது. கேட்கப்படும் கேள்வியை வினா என்றும், அதைச் செய்து முடிப்பதை வினவல் என்றும் பிரித்துவிட்டால் குழப்பம் இல்லை. எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி) பாடங்களில் கேள்விக்கே வினவல் என்று எழுதிப் பழகியவர்களுக்கு முதலில் உறுத்தும், தெரியும். ஆனாலும் இந்தப் பிரிவு தேவை என்றே நினைக்கிறேன்.

எனக்குச் சிக்காமல் நிற்பது ஒன்றுதான். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார், நேரம் நகர நகர அந்தப் பத்து நிமிடமும் நகரட்டும் என்கிறோமே, ஆங்கிலத்தின் 'ஸ்லைடிங் விண்டோ', அதற்கு என்ன சொல்வது? 'நகர் சாளரம்' என்று எழுதினால் ஊர்ச் சாளரம் போலக் காதில் விழுகிறது. அதோடு, காலத்தின் ஒரு துண்டைச் சாளரம் என்று தமிழில் நாம் சொல்வதில்லை. 'நகர்பொழுது' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.