எம்ப்ராய்டரி முடிஞ்சாச்சு... கிரேஸி குவில்ட்டை மிஷின்ல ஓட்டவா, முடிச்சுப் போடவா?

கஸ்தூரிமஞ்சள்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இழுத்துக்கிட்டிருந்த கிரேஸி குவில்ட் (கோணல்மாணலாத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிற போர்வை) மேல்பாகம் போன வாரம்தான் முடிஞ்சுது. 12 இஞ்ச் சதுரம் 20. நாலுக்கு அஞ்சா சேர்த்து 48க்கு 60. எல்லாம் அம்மாவோட பட்டுப்புடவைங்க. மடிப்பு மடிப்பா இத்துப்போய், கட்டவும் முடியாம தூக்கிப் போடவும் மனசில்லாம பீரோவுல கிடந்தது. அரக்கு, மயில்கழுத்து, ஒரு எம்.எஸ். ப்ளூ, நடுநடுவுல பழைய வெல்வெட் ரவிக்கைத் துண்டு. அடியில காடாத்துணி வெச்சு, அது மேல கோணல்மாணலா துண்டுகளைத் தெச்சு, ஒவ்வொரு ஒட்டு மேலயும் ஃபெதர் ஸ்டிட்ச், ஹெர்ரிங்போன், அங்கங்க பிரெஞ்ச் நாட் (குட்டி உருண்டையா நூல் முடிச்சு), பாசி, கண்ணாடி.

இப்போ பின்னாடி லைனிங், நடுவுல பேட்டிங் (பஞ்சு அடுக்கு) வெச்சு மூணையும் சேர்க்கணும். மிஷின்ல ஒட்டு ஓரமா ஓட்டிடலாமா? கையாலயா? இல்ல, அங்கங்க நூலால முடிச்சுப் போட்டாலே போதுமா? பொண்ணு கட்டில்ல போர்த்திக்கணும்ங்கறா.

பாபின்தாஸ்:
மிஷின்தானுங்க மேடம், யோசிக்கவே வேண்டாம். மூணு அடுக்கைச் சரியாப் பிடிக்காம விட்டா ஆறு மாசத்துல லைனிங் தொப்பை போட்டுரும், உள்ள பேட்டிங் ஒரு மூலைக்கு ஒதுங்கிரும். வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்தே நகர்த்துற மிஷின் பாதம்) மாட்டுங்க, ஃபுட் அழுத்தத்தைக் குறைங்க, மெல்லிசு ஊசி போட்டு, கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல்ல ஒட்டோட பள்ளத்துலயே ஓட்டுங்க. ஒரு நாள் வேலை. கடை வெச்சு 27 வருஷம் ஆச்சுங்க, முடிச்சுப் போட்ட மெத்தை விரிப்பெல்லாம் எப்படித் திரும்பி வருதுன்னு பார்த்திருக்கேன்.

ஒட்டுத்துணி:
தாஸ் சார், எந்தப் பள்ளத்துல ஓட்டச் சொல்றீங்க? சாதா ஒட்டு வேலையில தையல் கோடு வெறுமையா இருக்கும், பள்ளத்துல ஓட்டலாம். கிரேஸி குவில்ட்டுல அந்தக் கோட்டு மேலதானே எம்ப்ராய்டரியே உட்கார்ந்திருக்கு! ஃபெதர் ஸ்டிட்ச்சை நசுக்கிக்கிட்டே போகும் உங்க ஃபுட்.

கஸ்தூரி, நான் இருக்கிறது பென்சில்வேனியா. இந்த மோகம் பெருசா கிளம்பினதும் இந்தப் பக்கம்தான். 1876ல பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில ஜப்பான் அரங்கைப் பார்த்துட்டு, அந்தச் சமச்சீர் இல்லாத அழகு எல்லாரையும் பிடிச்சுக்கிச்சு. 1880கள்ல பட்டுத் துண்டைப் பொட்டலமாக் கட்டித் தபால்ல வித்திருக்காங்க. அந்தக் காலத்து கிரேஸி குவில்ட் நிறையவற்றுல பேட்டிங்கே கிடையாது. மேல்பாகம், காடா மாதிரி ஒரு அடித்துணி, லைனிங், அவ்வளவுதான். அங்கங்க முடிச்சு. கூடத்துல சோபா மேல போட்டு வர்றவங்களுக்குக் காட்டத்தான் அது, குளிருக்கு இல்ல.

பாபின்தாஸ்:
அந்தக் காலத்து அம்மணிங்க சோபாவுல போட்டாங்கன்னா போடட்டும். இவங்க பொண்ணு போர்த்திக்கணும்ங்குதே?

அப்புறம் இன்னொண்ணு. நாலு இஞ்சுக்கு ஒரு முடிச்சுன்னா 12க்கு 15, மொத்தம் 180. இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த 180 புள்ளியிலதான் விழும். புதுத் துணி தாங்கும். மடிப்புல இத்துப்போன பட்டு தாங்குமா? ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கிழிசல். மிஷின் தையல்னா பாரம் கோடு முழுக்கப் பரவும்.

காந்தாப்பைத்தியம்:
ரெண்டு பேரும் ஏன் இப்படி அடிச்சுக்கறீங்க? வங்காளத்துக் காந்தாவைப் பாருங்க. பழைய புடவை நாலஞ்சை அடுக்கி, கையால நெருக்க நெருக்க ஓட்டுத்தையல். பேட்டிங் இல்ல, முடிச்சு இல்ல, தலைமுறைக்கு வருது. கஸ்தூரி, மொத்தப் பரப்புலயும் கால் இஞ்ச் இடைவெளியில ஓட்டிடுங்க.

ஒட்டுத்துணி:
காந்தா எனக்கும் உசுரு. ஆனா அங்க அந்த ஓட்டுத்தையலேதான் அலங்காரம். இங்க ரெண்டு வருஷத்து அலங்காரம் மேல இன்னொரு தையல் ஓட்டினா எதைப் பார்க்கிறது? அதோட காந்தாவுக்குப் பழைய பருத்திப் புடவைதான் வழக்கம், ஊசி வெண்ணெய் மாதிரி இறங்கும். இறுக்கமா நெய்த பட்டுல ஊசி குத்தின ஓட்டை சட்டுனு மூடாது. கால் இஞ்சுக்கு ஒரு வரிசைன்னா மொத்தமும் சல்லடை.

தாஸ் சார் கிழிசல் பத்திச் சொன்னது நிஜமான பயம்தான், ஒத்துக்கறேன். ஆனா முடிச்சு பட்டைப் பிடிக்கவே தேவையில்ல! அடியில காடா இருக்கே. குவில்ட்டைக் கவுத்துப் போட்டு, லைனிங் பக்கத்துலருந்து ஊசியைச் சாய்ச்சு விட்டு, காடாவை மட்டும் ஒரு சின்னக் கடி கடிச்சு வெளியே எடுத்து முடிச்சுப் போடணும். பட்டுக்குத் தெரியவே தெரியாது.

பாபின்தாஸ்:
ஊசி காடாவுல நின்னுச்சா, பட்டுக்குள்ள போச்சான்னு கவுத்துப் போட்டிருக்கறப்ப எப்படிங்க தெரியும்?

ஒட்டுத்துணி:
சந்தேகமா இருந்தா ஒட்டு மேலயே போடுங்க. அங்க துணி மடிஞ்சு மூணு நாலு அடுக்கு இருக்கும், கிழியாது. முன்பக்கம் ஒரு புள்ளி எட்டிப் பார்த்தாலும் ஹெர்ரிங்போன் நூலுக்குள்ள ஒளிஞ்சுக்கும். ஒட்டு எங்க போகுதுன்னு பின்பக்கம் தெரியாதுன்னா முன்பக்கத்துலருந்து குண்டூசி குத்தி அடையாளம் வெச்சுக்கலாம். 8ம் நம்பர் பெர்ல் காட்டன் நூல் சரியா இருக்கும். முதல் சுத்து வலது மேல, ரெண்டாவது இடது மேல. ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா நழுவிடும்.

சும்மாபாக்கவந்தவன்:
திருச்சி வெயில்ல பேட்டிங் வெச்ச போர்வை எதுக்குன்னு யாருமே கேக்கலையே.

கஸ்தூரிமஞ்சள்:
திருச்சின்னு நான் சொல்லவே இல்லையே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க 😄 ஆனா நீங்க கேட்டது சரி. பொண்ணுகிட்டயும் பேசினேன். துவைக்க முடியாதுடி, ஜரிகை கறுக்கும், அரக்குச் சாயம் பக்கத்துத் துண்டுல ஏறும்னு சொன்னேன். சரி, கால்மாட்டுல மடிச்சுப் போட்டுக்கறேன்னுட்டா.

ஒட்டுத்துணி:
துவைக்காதது நல்லது. பட்டு எப்ப விட்டுக்கொடுக்கும்னு சொல்லவே முடியாது. இங்க பழைய கிரேஸி குவில்ட்டுகள்ல பருத்தித் துண்டு, வெல்வெட் துண்டு எல்லாம் நல்லா இருக்கும், நடுவுல சில பட்டு மட்டும் சருகு மாதிரி நொறுங்கிக் கிடக்கும். இயற்கையா இருக்கிற பசையை நீக்கினா பட்டு எடையில கால்வாசி வரைக்கும் போயிடும். அதை ஈடுகட்ட அப்போ வெள்ளீய உப்புல முக்கி எடை ஏத்தினாங்க. அந்த உப்புதான் இப்போ இழையைத் தின்னுது. உங்க அம்மா புடவைக்கு அந்த வியாதி இருக்கணும்னு இல்ல, ஆனா மடிப்பு இத்த பட்டு எப்படியும் நோஞ்சான்தான்.

கஸ்தூரிமஞ்சள்:
நாலு நாள் கழிச்சு வர்றேன். வாய்ச்சண்டை வேண்டாம்னு, மிச்சமிருந்த 21வது சதுரத்தைப் பலி குடுத்துட்டேன். ஒரு பாதி மிஷின், ஒரு பாதி முடிச்சு.

மிஷின் பாதி: தாஸ் சார் சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். லைனிங் தகடு மாதிரி படிஞ்சுது, அதை மறுக்க முடியாது. ஆனா வெல்வெட் மேல ஃபுட் போன தடம் ரெண்டு கோடா விழுந்துடுச்சு. ஆவி காட்டியும் எழும்பல. பிரெஞ்ச் நாட் ஏழெட்டு தோசைக்கல்லுல வெச்ச மாதிரி சப்பை. கண்ணாடிகிட்ட ஒரு ஊசி போச்சு.

முடிச்சுப் பாதி: ஆறு இஞ்ச் விட்டுப் போட்ட இடத்துல உதறினா தொய்வு தெரியுது. நாலு இஞ்சுல தெரியல. முதல் அஞ்சு முடிச்சுல மூணு பட்டைப் பிடிச்சுது. பத்துக்கு மேல விரலே கத்துக்கிச்சு: காடாவுல ஊசி சரசரன்னு போகும், பட்டுல ஒரு வழுக்கல். பேட்டிங்கை எடுத்துட்டு மெல்லிசா ஒரு ஃபிளானல் (மெத்துன்னு இருக்கிற துணி) வெச்சேன், சரியா இருக்கு. முடிச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

பாபின்தாஸ்:
அந்த வெல்வெட் கோட்டை போட்டோவுல பார்த்தேன். அடியில டிஷ்யூ பேப்பர் வெச்சிருந்தா... சரி விடுங்க. நாட் சப்பையானதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. ஆனா ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைக்கிற பைண்டிங் பட்டியையாவது மிஷின்ல போடுங்க. அங்க எம்ப்ராய்டரி இல்ல, கை படுற இடமும் அதுதான்.

காந்தாப்பைத்தியம்:
நான் இன்னும் ஒத்துக்கல. சும்மா பதிவு பண்ணிட்டுப் போறேன்.

கஸ்தூரிமஞ்சள்:
பைண்டிங் மிஷின்லதான் சார், கண்டிப்பா. ஃபிளானல், லைனிங் ரெண்டும் வெட்டி ரெடி. இன்னிக்கு ராத்திரி முதல் வரிசை.

பாபின்தாஸ்:
வெட்டியாச்சா? வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் தண்ணியில நனைச்சுக் காயவெச்சீங்களா? ஃபிளானல் எவ்வளவு சுருங்கும்னு தெரியுமில்ல? துவைக்க மாட்டீங்க சரி, ஒரு மழை நாள்ல ஜன்னலோரம் நனைஞ்சாலே இழுத்துக்கும்.

கஸ்தூரிமஞ்சள்:
ஐயோ.