சூடானதும் இடது சிலிண்டர் நின்றுவிடுகிறது: ராஜ்தூத் 350

பொள்ளாச்சிக்காரன்

வணக்கம். அப்பா 1987இல் வாங்கிய ராஜ்தூத் 350 பைக், லோ டார்க் (இழுவை குறைந்த) மாடல். யமஹா ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே செய்து விற்றார்களே, அதுதான். பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்ததைப் போன வருடம் வெளியே எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன்.

காலையில் இரண்டாவது கிக்கிலேயே எடுத்துக்கொள்ளும். இரண்டு சைலன்சரிலும் ஒரே சத்தம், ஒரே புகை. ஆழியாறு ரோட்டில் அங்கலக்குறிச்சி நெருங்கும்போது திடீரென்று இழுவை பாதியாகிவிடும். அப்படியே இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப்போய் நிறுத்தி, பைப் மேல் தண்ணீர் தெளித்தால் வலதில் சுர்ரென்று ஆவியாகிறது, இடதில் வழிந்து ஓடுகிறது. புளியமரத்தடியில் இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி இரண்டும் ஓடும்.

ஸ்பார்க் பிளக் புதுசு, பி8எச்எஸ் ரகம். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் நிற்பது இடதுதான். பாயிண்ட் (ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்ச்) இடைவெளி இரண்டிலும் 0.35 மி.மீ. கேஜ் வைத்துப் பார்த்ததில் கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் 115 பிஎஸ்ஐ. பட்டறையில் ஒரு நாள் விட்டேன். ஸ்பார்க் நன்றாக வருகிறது, கிராங்க் சீல்தான் (கிராங்க் தண்டின் முனையில் காற்றும் ஆயிலும் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நாற்பது வருடமாகப் பிரிக்காத இன்ஜின் அது. தெரியாமல் கை வைக்க மனசு வரவில்லை. வேறு என்ன பார்க்கலாம்?

ஈரோடு இரட்டைக்குழல்

இடது கார்புரேட்டரில் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கும். இத்தனை வருடம் கிடந்த வண்டியில் அதுதான் முதல் சந்தேகம். டேங்க் மூடியில் காற்றுத் துளையும் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

நன்றி. இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி ஜெட்டெல்லாம் ஊதிவிட்டேன். மூடியைத் திறந்து வைத்தும் ஓட்டினேன், மாற்றமில்லை. நின்ற உடனே கழற்றினால் இடது பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது.

திருச்சி பழைய பட்டறை

தம்பி, இன்ஜினைப் பிரிக்க விடாதீங்க. நனைந்த பிளக் என்று சொன்னீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பெட்ரோல் வருகிறது, எரியவில்லை.

சீல் கதையை முதலில் முடித்துவிடுவோம். இந்த வண்டியில் இடது பக்கம் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், வலது பக்கம் கிளட்ச். இடது சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். பிளக் வெளுத்துக் காய்ந்திருக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்காது. கியர் ஆயிலை இழுப்பது வலது சீல். உங்களுக்கு இரண்டும் இல்லை. இருபது நிமிடம் ஆறினால் சரியாகிற சீலை நான் பார்த்ததும் இல்லை.

பட்டறையில் ஸ்பார்க் நன்றாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. வண்டி அங்கே ஆறிப்போய் நின்றது. நோய் இருக்கும்போதுதான் நாடி பிடிக்க வேண்டும். பையில் ஒரு பழைய பிளக்கும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு போங்கள். நின்ற இடத்திலேயே, இன்ஜின் பிளக்கைக் கழற்றாமல், இடது வயரில் பழைய பிளக்கை மாட்டி சிலிண்டர் ஹெட்டின் உலோகத் தகட்டில் அழுத்திப் பிடித்துக் கிக் அடியுங்கள். பிளக்கைக் கழற்றிய ஓட்டைப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், அங்கே பீய்ச்சுகிற பெட்ரோல் பற்றிக்கொள்ளும். வயரை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டுக் கிக் அடிப்பதும் கூடாது, காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது) கெடும்.

ஸ்பார்க் இல்லையென்றால் அடுத்தது இதைச் செய்யுங்கள். இதில் பாயிண்ட் இரண்டு, காயில் இரண்டு. டேங்க் அடியில் காயிலுக்கு வருகிற ஆரஞ்சு வயரையும் சாம்பல் வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். அதோடு பிளக் வயர்களையும் இடம் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றதில் ஸ்பார்க் விழும். மாற்றிய பிறகு வலது சிலிண்டர் நின்றால் குற்றம் காயிலோடு போயிருக்கிறது. இடதே மறுபடி நின்றால் பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டென்சர், அந்தப் பக்கத்து வயர் என்று தேடலாம்.

பொள்ளாச்சிக்காரன்

அண்ணா, நேற்று காலை செய்தேன். நின்ற இடத்தில் இடதில் ஸ்பார்க் சுத்தமாக இல்லை. இன்று வயர்களை மாற்றிவிட்டு அதே ரோட்டில் போனேன். கிட்டத்தட்ட அதே இடத்தில் வலது சிலிண்டர் நின்றது! ரோட்டோரம் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். இவ்வளவு நாளில் இன்றுதான் அந்த வண்டி எனக்கு ஒரு பதில் சொன்ன மாதிரி இருந்தது.

திருச்சி பழைய பட்டறை

நல்லது. காயில் வாங்கும் முன்னால், வயர் நுனியில் பிளக்கின் மேல் மாட்டுகிற பிளக் கேப்பைப் பாருங்கள். அதுவும் வயரோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. திருகிக் கழற்றி மீட்டரில் தனியாக அளந்தால் சுமார் 5 கிலோ ஓம் வர வேண்டும். வயர் நுனி பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திருகுங்கள். அப்புறம் காயிலை ஆறியபோது ஒரு முறை, சூட்டில் ஒரு முறை அளந்து மற்ற காயிலோடு ஒப்பிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

கேப் இரண்டும் சரி. காயில்களைக் கழற்றி அக்காவின் ஹேர் டிரையரில் பத்து நிமிடம் சூடு காட்டினேன். நல்ல காயில் சூட்டிலும் ஏறக்குறைய அதே அளவு காட்டியது. மற்றது ஆறியபோது அதற்குச் சமமாக இருந்துவிட்டு, சூடானதும் பிளக் வயர் பக்கத்துச் சுற்றில் மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்து, ஆறும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது போல.

இரண்டு காயிலையும் சேர்த்தே மாற்றிவிட்டேன், இரண்டுக்கும் ஒரே வயசு என்பதால். முதல் நாள் இடது சைலன்சர் மட்டும் புகையாகக் கக்கியது. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய் எரியாமல் போன ஆயில் அதற்குள் தங்கியிருந்தது, ஆழியாறு போவதற்குள் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். மேலே நிறுத்தி இரண்டு பைப்பிலும் தண்ணீர் தெளித்தேன். இரண்டிலும் சுர்ரென்றது.